மாமரத்தில் முடவாட்டுக்கால் படர்ந்திருக்கிறது, வெட்டலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்

படித்துறைக்காரன் (விக்கிரமசிங்கபுரம்):

எங்கள் புறவாசலில் ஆச்சி வைத்த மாமரம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் கவட்டையில் முடவாட்டுக்கால் பெரணி தொற்றி, கிளையைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் படர்ந்துவிட்டது. எப்போதும் பச்சையாக நிற்கும் செடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பங்குனியிலிருந்து பார்க்கிறேன், அடியில் இருக்கும் இலையெல்லாம் காய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே நீண்டிருந்த பச்சை ஓலைகள் உதிர்ந்து வெறும் ஈர்க்கு மட்டும் நிற்கிறது. செத்துவிட்டதா?

போன வருஷம் நல்ல காய்ப்பு, இந்த வருஷம் பத்துக் காய் கூட இல்லை. "புல்லுருவி மாதிரி சத்தை உறிஞ்சுது" என்று சொல்லி, மாமா ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வருகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, வெட்டினால் கிழங்கை சூப்புக்கு எடுத்துவை என்கிறாள். ஆச்சி இருந்த காலத்திலேயே வந்த செடி, எனக்கு வெட்ட மனசே இல்லை.

சாரல்மரம் (அம்பாசமுத்திரம்):

தம்பி, மாமாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். செடி சாகவில்லை.

முடவாட்டுக்காலுக்கு இரண்டு வகை இலை. அடியில் காம்பில்லாமல் கிளையை அணைத்தபடி இருப்பது ஒன்று. அது பச்சையாகத்தான் முளைக்கும், சீக்கிரமே பழுத்துக் காய்ந்துவிடும், ஆனால் உதிராது. மண்ணில் வேர் விடாத செடிக்கு அதுதான் தொட்டி. மேலேயிருந்து விழும் மாவிலை, பூ, தூசி எல்லாம் அதற்குள் சேர்ந்து மக்கும், வேர் அந்த மக்கில்தான் ஓடும். எங்கள் வீட்டுப் புளியமரத்தில் ஒரு சித்திரை மாதம் உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், அந்த வெயிலிலும் ஈரம் இருந்தது. காய்ந்த சருகு என்று நினைத்து அதைப் பிய்த்துவிடாதீர்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் இதற்கு ஓக் மர இலையை வைத்துத்தான் பெயரிட்டார். ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற இன்றைய பெயரிலும் 'குவெர்சிஃபோலியா' என்பதற்கு அதுதான் பொருள்.

இன்னொன்று காம்போடு நீளும் பச்சை ஓலை, ஒரு மீட்டர் வரைகூடப் போகும். திருப்பிப் பார்த்தால் முதுகில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூவும் விதையும் இல்லாத இந்தச் செடிக்கு அந்தப் புள்ளியிலிருந்து பறக்கும் தூள்தான் வித்து. ஈரமும் நிழலும் குறையாத இடத்தில் ஓலை வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். நம் அடிவாரத்து வெயிலில் கோடையில் கொட்டிவிடும். ஆனியில் சாரல் விழட்டும், நுனியில் சுருள் விரிவதைப் பார்ப்பீர்கள்.

புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இது பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமரம் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுப்பது வழக்கம். கிளை உளுத்திருந்தால் மட்டும் பாரத்துக்கு முறியலாம், அதைத் தட்டிப் பாருங்கள்.

நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவன். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை மலை மலையாக ஏறித் தேடி, மாணிக்கம் அடிகளாரும் இருதயராஜும் 1992-இல் நூலாக்கிய ஊர் அது. அதனாலோ என்னவோ, சீசன் நேரத்தில் குற்றாலம் கடைகளில் இந்தக் கிழங்கைச் சாக்கில் குவித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நுனியோடு வழித்து எடுத்துவிட்டால் அந்தக் கிளையில் மிச்சம் எதுவும் இருக்காது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், அங்கே பறிப்பது குற்றம். உங்கள் வீட்டு மரத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது, காப்பாற்றுங்கள்.

கடையத்து அக்கா:

சூப் வைக்க ஒரு விரல் நீளத் துண்டு போதும் தம்பி. மேலே ஆட்டுக்கால் மாதிரி ரோமம் இருக்கும், கத்தியால் நன்றாகச் சீவிவிட வேண்டும். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் தொண்டையில் கரகரக்கும். சின்ன உள்ளி, வெள்ளைப்பூடு, மிளகு, சீரகத்தோடு தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். என் மாமியார் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை குடிப்பார், இதமாக இருக்கிறது என்பார். முட்டித் தேய்மானமே சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பி அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர் என்றால், பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படித்துறைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. அப்படியென்றால் எந்த இடத்தில் வெட்ட வேண்டும்? வெட்டிய துண்டை வேறு மரத்தில் வைத்தால் பிடிக்குமா?

சாரல்மரம்:

நாம் கிழங்கு என்பது உண்மையில் அதன் தண்டு. நுனிதான் வளரும். சூப்புக்குப் பின்பக்கத்துப் பழைய தண்டில் ஒரு துண்டு எடுங்கள், நுனிகளைத் தொடாதீர்கள். வேறு மரத்தில் வைக்க வேண்டுமானால் மழை தொடங்கியபின், நுனியோடு ஒரு சாண் துண்டு எடுத்து, தேங்காய் மட்டையோடு சேர்த்துக் கிளையில் சணலால் கட்டுங்கள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். எங்கள் பலாமரத்தில் இப்படிக் கட்டியது பிடிக்க இரண்டு மழைக்காலம் ஆனது.

படித்துறைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பழுப்பு இலைக்குள் அவர் விரலையே விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஈரமாகக் கறுப்பு மக்கு இருந்தது, இரண்டு கட்டெறும்பும் கடித்தது. கிளையைத் தட்டிப் பார்த்தார், உறுதியாக இருக்கிறதாம். பின்பக்கத்தில் ஒரு விரல் துண்டு மட்டும் அவரே எடுத்துத் தந்தார். சாரல் தொடங்கியதும் தன் வீட்டு வேம்புக்கு ஒரு நுனி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.