அமெரிக்க மாநில ‘அட்டர்னி ஜெனரல்’: தமிழில் என்ன?

> ‘அரசு தலைமை வழக்கறிஞர்’ என்றே போட்டுவிடலாமே, புழக்கத்தில் உள்ள சொல்தானே?

வணக்கம் ஐயா,

அந்தச் சொல் நம் மாநிலங்களின் அட்வகேட் ஜெனரலுக்கு உரியது. அரசமைப்பின் 165ஆம் பிரிவின்படி அவரை ஆளுநர் நியமிக்கிறார். அரசுக்குச் சட்ட யோசனை சொல்வதும் அரசுக்காக வாதாடுவதும் அவர் வேலை. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆளுநர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி என்றுகூட அமையும்.

இந்தச் சொல் தேவைப்படும் ஹெர்பர்ட் ஹேட்லி பற்றிய கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904 தேர்தலில் மிசூரியின் ஆளுநராக வென்ற ஜோசப் ஃபோக் ஜனநாயகக் கட்சி. அதே தேர்தலில் அட்டர்னி ஜெனரலாக வென்ற ஹேட்லி குடியரசுக் கட்சி. கான்சஸ் நகரில் அரசு வழக்குகளை நடத்திப் பழகிய ஹேட்லி, 1905இல் பதவிக்கு வந்த கையோடு ராக்ஃபெல்லரின் ‘ஸ்டாண்டர்ட் ஆயில்’ எண்ணெய்ச் சாம்ராஜ்யத்தின் மீது கை வைத்தார். மிசூரியின் வடபகுதியில் இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயில், தென்பகுதியில் வாட்டர்ஸ்-பியர்ஸ் என்று மண்ணெண்ணெய் விற்பனையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிபப்ளிக் ஆயில் என்ற மூன்றாவது கம்பெனி இருவருக்கும் போட்டி என்று வேஷம் கட்டியது. மூன்றுக்கும் முதலாளி ஒருவரே என்று நிரூபிப்பதுதான் வழக்கு. 1906 ஜனவரியில் ஹேட்லி நியூயார்க்குக்கே போய், ஸ்டாண்டர்டின் பெருந்தலையான ஹென்றி ரோஜர்ஸைச் சாட்சியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். மிசூரி உச்ச நீதிமன்றம் என்ன விரும்பினாலும் தனக்கு ஒன்றுமில்லை என்கிற தோரணையில் ரோஜர்ஸ் மழுப்பினார். ஹேட்லி விடவில்லை. 1908 இறுதியில் மூன்று கம்பெனிகளுக்கும் தலா 50,000 டாலர் அபராதம் விழுந்தது. ஸ்டாண்டர்டும் ரிபப்ளிக்கும் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும் என்று தீர்ப்பானது. 1912இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குள் ஹேட்லி ஆளுநராகவே ஆகியிருந்தார்.

இப்படி ஓட்டு வாங்கி வந்து, தானே முடிவெடுத்து வழக்குத் தொடுக்கிறவரை ‘வழக்கறிஞர்’ என்றால் பதவியின் கனம் போய்விடுகிறது. இலங்கைத் தமிழில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் ‘சட்டமா அதிபர்’ நமக்குப் போதும். அங்கே அது நியமனப் பதவிதான். ஆனாலும் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்தப் பெயரோடு சேர்ந்தே பழகிவிட்டது. ‘அமெரிக்க அதிபர்’ என்பதோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. ‘மிசூரி மாநிலச் சட்டமா அதிபர்’ என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது. ‘சட்டத்துறைத் தலைவர்’ வேண்டவே வேண்டாம், கல்லூரிப் பேராசிரியர் ஆகிவிடுவார்.

அப்புறம், ஹேட்லி தொடுத்தது ‘கோ வாரண்டோ’ வகை வழக்கு. நம் பள்ளிப் புத்தகத்தின் ‘தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை’ இங்கே பொருந்தாது. பதவியில் இருப்பவரின் தகுதியை ஹேட்லி கேட்கவில்லை. எந்த உரிமையில் இங்கே வியாபாரம் செய்கிறீர்கள் என்று கம்பெனிகளைக் கேட்டார். ‘உரிமை வினா வழக்கு’ என்று வைக்கலாமா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.