‘ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் போட்டு வானத்தைப் படமெடுப்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் கணக்குப்படி ஃபிலிமில் பதியாமல் போகுமே, அந்த ‘ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ‘தலைகீழித் தோல்வி’ என்று போட்டேன். படித்த நண்பர், “படம் தலைகீழா விழுமா?” என்கிறார். ‘பரிமாற்றப் பிழை’ என்றால் வங்கிச் சமாச்சாரம் போலிருக்கிறது.

சொல்தான் தெரியவில்லையே தவிர, அடி நன்றாகவே வாங்கியிருக்கிறேன். போன மாசியில் ட்ரை-எக்ஸ் ஃபிலிமில் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தை மூன்று வடிகட்டிகளிலும் எடுத்தேன். பச்சை நெகட்டிவில் நாலைந்து புள்ளிகள் தவிர ஒன்றுமில்லை. நோட்டில் ‘பச்சை, 60 நொடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வடிகட்டி இல்லாமல் 10 நொடி, பச்சைக்கு ஆறு மடங்கு. கணக்கு சரிதானே?

* * *

தம்பி,

கணக்கு சரி, விதிதான் கைவிட்டுவிட்டது. சொல்லையும் அங்கிருந்தே எடுக்கலாம்.

வேதியியலாளர்கள் புன்சனும் ராஸ்கோவும் 1862இல் சொன்ன விதி இவ்வளவுதான்: வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கு, பலன் மாறாது. ஒன்றில் குறைந்ததை இன்னொன்று ஈடுகட்டும். வியன்னாவில் குஃப்னர் வானாய்வகத்தில் விண்மீன்களின் ஒளியைப் படத்தட்டில் அளந்துகொண்டிருந்த கார்ல் சுவார்ட்சில்டு, மங்கிய ஒளிக்கு இது பலிக்கவில்லை என்று 1899 வாக்கில் கண்டார். நேரத்துக்கு 0.86 என்றோர் அடுக்குக்குறி போட்ட பிறகுதான் அவருக்குக் கணக்கு ஒத்து வந்தது. (கருந்துளைக் கணக்கில் வரும் சுவார்ட்சில்டும் இவரேதான்.)

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளித்துகள் பட்டால் ஒரு வெள்ளி அணு உண்டாகும். அது தனியாக நிலைக்காது. மூன்று நான்கு சேர்ந்தால்தான் ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் கரைசல் அந்தப் படிகத்தைக் கண்டுகொள்ளும். நெபுலாவிலிருந்து அடுத்த துகள் வந்து சேர்வதற்குள் முதல் அணு குலைந்துபோயிருக்கும். குழாயை முழுசாகத் திறந்தால் ஓட்டைக் குடம்கூட நிரம்பும். சொட்டுச் சொட்டாக விட்டால் விடிய விடியப் பிடித்தாலும் நிரம்பாது.

ட்ரை-எக்ஸுக்குக் கோடாக் தந்த அட்டவணையைப் பாருங்கள். கணக்கில் 1 நொடி வந்தால் 2 நொடி கொடு, 10 வந்தால் 50, 100 வந்தால் 1200. நூறு நொடி இருபது நிமிடமாகிறது! உங்கள் 60 நொடி இதன்படி பத்து நிமிடத்தை ஒட்டி வரும். நெகட்டிவ் வெறுமையாக வந்ததில் வியப்பென்ன?

ஆக, இங்கே தோற்றது யார்? ஃபிலிமா? இல்லை. நேரம் வெளிச்சத்துக்கு ஈடாகவில்லை, அவ்வளவுதான். அதனால் என் பரிந்துரை ‘ஈடாகாமை’. விதிக்கு ‘ஈடுகட்டு விதி’. ‘ஃபெயிலியர்’ வந்த இடத்திலெல்லாம் ‘தோல்வி’யை ஒட்டவைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வயிறு வேலை செய்யாததைச் ‘செரிமானத் தோல்வி’ என்றா சொல்கிறோம்? செரியாமை என்கிறோம். வினையாகவும் புழங்கும் என்பது இன்னும் வசதி: “இந்த ஃபிலிம் ஒரு நொடிக்கு மேல் ஈடாகாது”, “ஈடாகாமைத் திருத்தம் போட்டாயா?”

உங்கள் கையேட்டில் இந்தச் சொல் ஓரிடத்தில் வந்து போகிற சொல்லும் இல்லை. வண்ண ஃபிலிமின் மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் ஈடாகாமல் போவதில்லை. அரை மணி நேரம் திறந்து வைத்தால் நிறமே திரிந்துவிடும். கறுப்பு வெள்ளையில் நிறத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்துச் சேர்த்தால் ஒவ்வொன்றையும் தனியே சரிசெய்யலாம். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் வானியல் படக்கலைஞர் டேவிட் மாலின் எடுத்த புகழ்பெற்ற வண்ணப் படங்கள் இப்படிச் சேர்த்தவைதான். ஆனால் வடிகட்டியின் மடங்கு முதலில் பெருக்கும், அதன் தலைமேல் ஈடாகாமை ஏறி உட்காரும். ராட்டன் வடிகட்டி எண்களில் பச்சை 58க்கும் நீலம் 47க்கும் ஆறு மடங்கு, சிவப்பு 25க்கு எட்டு. சிவப்பில் ஒரு சலுகை உண்டு. எட்டு என்பது பகல் வெளிச்சத்துக்கான கணக்கு, நெபுலாவில் ஒளிரும் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை அந்த வடிகட்டி பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும்.

* * *

ஐயா, இரவெல்லாம் யோசித்தேன். ‘ஈடு’ என்றதும் எங்கள் பக்கம் அடகுதான் நினைவுக்கு வரும். “காட்டை ஈடு வச்சிட்டான்” என்பார்கள். ‘ஈடாகாமை’ என்றால் நகை கடனுக்குப் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

* * *

எடுத்துக்கொள்ளட்டுமே. வாங்கிய கடனுக்கு வைத்த நகை போதவில்லை. இழந்த ஒளிக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. பொருள் ஒன்றுதானே? இன்னும் ஐயம் இருந்தால் முதல் தடவை ‘ஒளி ஈடாகாமை’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் சூடாக்கி ஈடாகாமையைக் குறைப்பார்களே, ‘ஹைப்பரிங்’, அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘மிகையுணர்வூட்டல்’ என்று மட்டும் வேண்டாம், ஏதோ மனநோய் போலிருக்கிறது. ‘பதமேற்றல்’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.