முன்மாதிரி செய்வதே ஆய்வாகுமா?

கேள்வி: முனைவர் பட்டத்துக்குக் கைக்கருவிப் பிடி ஒன்றை வடிவமைக்கிறேன். செய்த பொருளையே ஆய்வாகக் காட்டலாமா?

பதில் 1: பொருள் மட்டும் போதாது. 1993-இல் பிரிட்டிஷ் கலை, வடிவமைப்புக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் இத்துறை ஆய்வைப் பிரித்த மூன்று வகைகளில் இது ‘வடிவமைப்பின் வழியே ஆய்வு’, அதாவது செய்து பார்ப்பதன் வழியே அறிவைத் தேடுவது. பொருள் சான்றுதான், பிறர் எடுத்தாளக்கூடிய அறிவே பங்களிப்பு.

பதில் 2: பலர் கோட்டை விடுவது பதிவேட்டில். ஒவ்வொரு மாதிரிக்கும் எண், தேதி, மாற்றியது, காரணம், கைவிட்டது எல்லாம் அன்றன்றே எழுதுங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதினால் எல்லாமே முன்பே திட்டமிட்டதுபோல் ஆகிவிடும். தேர்வாளர் குடைவது அங்கேதான். இன்னொன்று: பிடியின் விட்டம் 30, 35, 40 மி.மீ. என்று மாறும்போது அதன் மேலுறைப் பொருளையும் சேர்த்து மாற்றாதீர்கள். எதனால் பிடி மேம்பட்டது என்று பிரிக்க முடியாது.

பதில் 3: நுரை மாதிரியில் கைச்சோர்வைச் சோதிக்காதீர்கள், எடையே இருக்காது. உள்ளே ஈயக்குண்டு வைத்து எடையையும் சமநிலைப் புள்ளியையும் உண்மைக் கருவிக்கு ஈடாக்குங்கள்.