சஃப்ரஜெட்: தமிழில் என்ன சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம்.

பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களைக் குறிக்கும் சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட் என்ற ஆங்கிலச் சொற்களுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன போடுவது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட் இரண்டுக்கும் சேர்த்து "வாக்குரிமையாளர்" என்று போட்டுவிடலாமே. எதற்கு இரண்டு சொல்?

வீட்டு உரிமையாளர் என்றால் வீடு அவருடையது. பதிப்புரிமையாளர் என்றால் பதிப்புரிமை அவர் கையில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வாக்குரிமையாளர் என்பவர் வாக்குரிமை உள்ளவர். நாம் பெயர் தேடுவதோ, அந்த உரிமை இல்லாமல் அதைக் கேட்டுத் தெருவில் நின்ற பெண்களுக்கு. பொருள் நேர் எதிராகப் போய்விடும்.

ஒரே சொல் போதும் என்பதையும் ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் 1866இல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவைத் தத்துவவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் கொடுத்தார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் மனு, கூட்டம், தனிநபர் மசோதா என்றே போயின. 1897இல் இதற்காக உழைத்த சங்கங்கள் ஒன்றியமாகச் சேர்ந்தன; மிலிசென்ட் ஃபாசெட் அதன் முகமாக இருந்தார். சட்டத்துக்கு உட்பட்டே நடப்போம் என்ற இவர்கள்தான் சஃப்ரஜிஸ்டுகள். இந்தப் பொறுமை அலுத்துப்போனவர்கள் 1903இல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் வீட்டில் கூடித் தனி அமைப்பு கண்டார்கள். "பேச்சு அல்ல, செயல்" என்பது அவர்கள் முழக்கம். அமைச்சர்களின் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்டார்கள், கைதானார்கள், பின்னாளில் கண்ணாடிகளை உடைத்தார்கள், ஆளில்லாத கட்டடங்களுக்குத் தீயும் வைத்தார்கள். ஃபாசெட் அம்மையார் தரப்புக்கு இதில் ஒப்புதல் இல்லை. இரண்டு தரப்பையும் ஒரே சொல்லில் அடைத்தால், அந்த வரலாற்றைத் தமிழில் படிப்பவருக்குச் சண்டை எங்கே என்றே புரியாது.

இந்த இரண்டாம் தரப்பைக் கேலி செய்யத்தான் 1906இல் டெய்லி மெயில் நிருபர் சார்லஸ் ஹேண்ட்ஸ் சஃப்ரஜிஸ்டின் "இஸ்ட்"டை எடுத்துவிட்டு "எட்" என்ற வாலை ஒட்டிச் சஃப்ரஜெட் ஆக்கினார். ஆங்கிலத்தில் அந்த வால் சின்னது, போலியானது என்ற தொனி தருவது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, பெயரை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 1912இல் தொடங்கிய தங்கள் பத்திரிகைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆக, நமக்கு வேண்டியது ஏளனமாகவும் ஒலிக்க வேண்டும், பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இடம் தர வேண்டும்.

தமிழில் அப்படி ஒரு வால் தயாராக இருக்கிறது: "காரி". சண்டைக்காரி, வாய்க்காரி என்றும் சொல்கிறோம்; கெட்டிக்காரி, கைராசிக்காரி என்றும் சொல்கிறோம். யார், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து வசவாகவும் ஆகும், மெச்சுதலாகவும் ஆகும். எனவே என் முன்மொழிவு: வாக்குரிமைக்காரி. அந்தக் காலத்துப் பத்திரிகைக் கிண்டலை மொழிபெயர்க்கும் இடத்தில் "ஓட்டுக்காரி" என்றே போடலாம். "இந்த ஓட்டுக்காரிகள் மறுபடியும் வந்துவிட்டார்கள்" என்று ஒரு காவலர் முணுமுணுப்பது காதில் விழுகிறதா இல்லையா?

> "காரி" மரியாதைக் குறைவு. இந்தக் காலத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இதை எழுதிய அக்காவின் கவலை நியாயமானதுதான். ஆனால் மூலச் சொல்லிலேயே மரியாதை இல்லை. நாம் மரியாதை சேர்த்துத் திருத்தினால், அவர்கள் எதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள் என்பது தொலைந்துவிடும். பாடநூலில் பொதுவாகப் பேசும் இடத்தில் வேறு சொல் போட்டுக்கொள்ளலாம், அதற்கு நான் தடை இல்லை.

அந்த வேறு சொல்லாகப் பலர் சொல்வது "வாக்குரிமைப் போராளி". தமிழ்நாட்டு வாசகருக்கு இது உறுத்தாது. யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: அங்கே போராளி என்றதும் ஆயுதம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆயுதமே இல்லாத செயல்கள் இந்த இயக்கத்தில் நிறைய. பாங்க்ஹர்ஸ்ட் அமைப்பிலிருந்து 1907இல் பிரிந்தவர்களின் சங்கத்தைச் சேர்ந்த முரியல் மேட்டர்ஸ், ஹெலன் ஃபாக்ஸ் என்ற இருவர் 1908 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் பெண்கள் மாடத்துக்குப் போனார்கள். சபையில் இருப்பவர்கள் கண்ணில் பெண்கள் படாதபடி அங்கே ஓர் உலோகக் கிராதி போட்டிருந்தார்கள். இருவரும் அந்தக் கிராதியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். பூட்டைத் திறக்க வழியில்லாமல் கிராதியையே கழற்றி, அதோடு சேர்த்து அவர்களை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெண்களை மறைக்க வைத்த கிராதி பெண்களால்தான் இடம்பெயர்ந்தது! இவர்களைப் போராளி என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் நம் கலைச்சொல் இரு கரையிலும் செல்ல வேண்டுமே. "வாக்குரிமைப் போராட்டப் பெண்கள்" என்று விரித்து எழுதுவது மேல். கொஞ்சம் நீளம், ஆனால் யாருக்கும் குழப்பம் வராது.

"குடவோலையிலிருந்து ஒரு சொல் எடுக்கலாம்" என்ற யோசனை வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது குலுக்கல், வாக்களிப்பு அல்ல. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன்.

துணைச் சொற்கள் இரண்டு. உண்ணாவிரதம் இருந்த கைதிகளுக்கு 1909 முதல் மூக்கு வழியாகவோ தொண்டை வழியாகவோ ரப்பர் குழாயைச் செருகி உணவை இறக்கினார்கள். "உணவளித்தல்" என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே பொய் சொல்லும். "வன்திணிப்பு" என்று முன்மொழிகிறேன். 1913இல் வந்த சட்டம், பட்டினியால் துவண்டவரை வெளியே விட்டு, உடம்பு தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போட வழிசெய்தது. மக்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரைப் பூனை–எலிச் சட்டம் என்று நேரே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சஃப்ரஜிஸ்டுக்கு? "வாக்குரிமை இயக்கத்தார்" போதும் என்று நினைக்கிறேன். இதைச் சோதித்துப் பார்க்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார். அயர்லாந்துக்காரரான மார்கரெட் கசின்ஸ் லண்டனிலும் டப்ளினிலும் சன்னல் உடைத்துச் சிறை சென்றவர், 1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்ட தூதுக்குழுவின் பின்னால் இருந்தவரும் அவரே. 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணங்களிடம் தள்ளிவிட, 1921இல் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது, சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். டப்ளினில் வாக்குரிமைக்காரி, அடையாற்றில் வாக்குரிமை இயக்கத்தார். ஆள் ஒருவரே என்றாலும் வழி வேறு. அகராதி விளக்கத்தில் இதைக் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்று, "வயது வந்தோர் வாக்குரிமை". இதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பிரிட்டனின் 1918 சட்டப்படி ஆணுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30, அதோடு அவருக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதியும் வேண்டும். 29 வயதுப் பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் "வயது வராதவர்". வித்தியாசம் 1928இல்தான் போனது. மூன்றே ஆண்டில், 1931இல், இலங்கையில் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு கிடைத்தது. அங்கே புழங்கும் "சர்வசன வாக்குரிமை" எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. வடசொல்லாயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

"வாக்குரிமையாளர்" என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. 1951–52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் பிற ஆண்களிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவானது. சொந்தப் பெயர் தராத பதிவுகளை நீக்கும்படி தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உத்தரவிட்டார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டார்கள். அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை அவர்களிடம் இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. அவர்கள் வாக்குரிமையாளர்கள், வாக்காளர்கள் அல்லர். இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல் நமக்கு வேண்டும்.

எனக்கே விடை தெரியாத ஒன்று பாக்கி. பெதிக்-லாரன்ஸ் இந்த இயக்கத்துக்காக 1912இல் சிறை போய், உண்ணாவிரதம் இருந்து, குழாய்வழித் திணிப்பையும் அனுபவித்தவர். அவர் ஆண். "வாக்குரிமைக்காரர்" என்றால் மரியாதைப் பன்மை போல ஆகிக் கேலி மறைந்துவிடுகிறது, "காரன்" என்றால் வேறு எங்கோ போகிறது. ஆண்களுக்குத் தனிப் பதிவு வேண்டுமா, இயக்கத்தாரில் சேர்த்துவிடலாமா? தொகுப்பில் ஏற்றும் முன் இதை மட்டும் பேசி முடித்துவிடுவோம்.