உறைந்த இறைச்சியைக் கொழும்பிலிருந்து தருவிப்பது பயன் தருமா?

கேள்வி (உப்புவெளி):
வணக்கம். மகனின் பிறந்தநாள் விருந்துக்கு எலும்பில்லாத ஆட்டிறைச்சி 5 கிலோ தேவைப்படுகிறது. கொழும்பிலிருந்து உறைய வைத்துக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வரும் பொதியை நம்பலாமா?

பதில் (நிலாவெளி):
அக்கா, நான் ஒருமுறை தருவித்து வருந்தினேன். காலையில் வரவேண்டிய பெட்டி பிற்பகலில்தான் வந்தது. திறந்தபோது ரெஜிபோம் (வெப்பம் புகாத வெள்ளை நுரைப்பலகை) பெட்டியின் மூலையில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருந்தது. பெருவிரலால் அழுத்தியதும் இறைச்சி குழைந்து உள்வாங்கியது. அத்தனையையும் புதைத்தேன். இந்த வெயிலில் தாமதத்தை இறைச்சி பொறுக்காது.

பதில் (திருகோணமலை நகரம்):
பொதி செய்யும் முறையே முதன்மையானது. உறைந்த இறைச்சி −18 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். −78 பாகையளவு குளிரான உலர் பனிக்கட்டி (உறைந்த காபனீரொட்சைட்டு) வைத்து, அதிலிருந்து வெளியேறும் வாயு வெளிச்செல்ல வழிவிட்டுக் கட்டினால் மட்டுமே இரவுப் பயணத்தை நம்பலாம். நடுவில் இளகி மீண்டும் மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் தசையைக் கிழித்துவிடும். சமைக்கும்போது சாறெல்லாம் வடிந்து இறைச்சி சக்கையாகிவிடும். பைக்குள் பனி கட்டியாகத் திரண்டிருந்தால் ஐயப்படுங்கள்.

என் கருத்தில், 5 கிலோவுக்குக் கூரியர் கட்டணம் வீண்செலவு. இங்குள்ள இறைச்சிக்கடையில் முதல்நாளே சொல்லிவைத்து, விடியற்காலையில் கண்முன்னே வெட்டி வாங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று மாலையே கடைக்காரரிடம் சொல்லிவைக்கிறேன்.