மேல் ச கேட்டால் ப வருது: எம்எஸ்-20 மினி, எஸ்கியூ-1

கல்லடி: கோர்க் எம்எஸ்-20 மினி சின்தசைசருக்கு, சுரங்களை ஸ்டெப் ஸ்டெப்பா வரிசையா வாசிக்க வைக்கிற எஸ்கியூ-1 ஸ்டெப் சீக்குவென்சர் இணைச்சிருக்கன். கீபோர்டில வாசிச்சா சுருதி சுத்தம். சீக்குவென்சரை ஓட விட்டா கீழ் ச, அடுத்த ச ரெண்டும் சரி. இடையில ப வைச்சா த1 (ப-வுக்கு அடுத்த அரைச் சுரம்) மாதிரிக் கேக்குது. அதுக்கும் மேல ச வைச்சா அங்க ப நிக்குது. அணைச்ச ஸ்டெப்பில சத்தம் வருது, எரியிற ஸ்டெப்பில இல்ல. சின்த் பழுதா அண்ணன்மார்?

களுவாஞ்சிக்குடி: பழுதில்ல தம்பி. அந்த ப-வே விடையைச் சொல்லுது. சீக்குவென்சர் ஸ்தாயிக்கு 1 வோல்ட் கணக்கில 1, 2, 3 எண்டு அனுப்புது. எம்எஸ்-20, 1978இல வந்த மூலக் கருவியிலயிருந்தே ஹெர்ட்ஸ்/வோல்ட், அதாவது வோல்ட் எத்தனை மடங்கோ அதிர்வெண்ணும் அத்தனை மடங்கு. அதுக்கு ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட் இரட்டிக்கணும்: 1, 2, 4. நீங்க 4க்குப் பதிலா 3 குடுக்கிறீங்க; 3:2 விகிதம்தானே பஞ்சமம். முதல் ஸ்தாயி ப-வுக்கு வேண்டியது 1.5 வோல்ட், போறது 1.58. த1 நிக்கிற இடம் அது.

சத்தம் தலைகீழா வாறது ட்ரிகரால, அதாவது சுரத்தைத் திறக்கச் சொல்லுற சைகையால. எம்எஸ்-20இல ட்ரிக் இன் துவாரத்தைக் கிரவுண்டோட சேர்த்தாத்தான் சுரம் திறக்கும், இதுதான் எஸ்-ட்ரிகர். ஸ்டெப் அணையேக்க வாற 0 வோல்ட் அதுக்குக் கிரவுண்டாத் தெரியுது.

எஸ்கியூ-1இன் அமைப்பில சிவியை (சுருதியைச் சொல்லுற வோல்ட்) ஹெர்ட்ஸ்/வோல்ட், கேட் (சுரத்தைத் திறக்கிற சைகை) துருவத்தை எஸ்-ட்ரிகர் ஆக்குங்க. வயர் 3.5 மி.மீ. மோனோவா எண்டும் பாருங்க: முனையில கறுப்பு வளையம் ஒண்டுதான் இருக்கணும்.

கல்லடி: ரெண்டும் மாத்தினன், ச-ப சரி, சத்தமும் சரியான ஸ்டெப்பில வருது. அடியில இருக்கிற சுரங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் பிசகுது.

அக்கரைப்பற்று: ஹெர்ட்ஸ்/வோல்ட்டுக்கு அடிதான் சிக்கல். 4 வோல்ட்டில அரைச் சுரம் ஏற 238 மில்லிவோல்ட் கிடக்கு, 0.5 வோல்ட்டில வெறும் 30. குமிழைத் தொட்டாலே தாண்டிப் போகும். அதால ஆகக் கீழ்ச் சுரத்தை 1 வோல்ட்டுக்குக் கீழ விடாதீங்க. இன்னும் கீழ வேணுமெண்டா ஆசிலேட்டரின் (சத்தத்தை உண்டாக்கிற பகுதி) ஸ்கேல் சுவிட்சை ஒரு படி இறக்குங்க, வோல்ட்டைத் தொடவேணாம்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில வைச்சு, சிவி வயரின் முனையிலயும் அடிக்குழாயிலயும் தொட்டு, டெம்போவை ஆகக் குறைச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா அளங்க. 1க்கு 2, 2க்கு 4 வருதெண்டா சீக்குவென்சரில குறையில்ல.

சுருதி கூட்ட முதல் சின்த்தை 20 நிமிசம் போட்டு வையுங்க. கச்சான் காத்து அடிக்கிற சூடான பகலில ஜன்னலோரம் வைச்சுக் கூட்டினா, இரவில அது நிக்காது.