உதவி தேவை: கொலுசுப் பட்டறைக் கணக்கில் வெள்ளி இருப்பு தவறாக வருகிறது

செவ்வாய்பேட்டை பட்டறை
வணக்கம். எங்கள் பட்டறையில் தொழிலாளருக்கு வெள்ளி நிறுத்துக் கொடுப்பதையும், அவர்கள் அதைக் கொலுசாகத் திருப்பித் தருவதையும் இதுவரை நோட்டில்தான் எழுதி வந்தோம். மூன்று வாரமாக இரவில் உட்கார்ந்து, காணொளிகளைப் பார்த்து, நானே ஒரு டேட்டாபேஸ் செய்தேன். யார் கையில் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்று கேட்டால் தவறான எண் வருகிறது. சிலருடைய பெயரே வருவதில்லை. சனிக்கிழமை கணக்கு முடித்துக் கூலி கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே உதவ வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்
எந்த மென்பொருளில் செய்தீர்கள்? ஆக்சஸா, லிபர்ஆபிஸ் பேஸா? எத்தனை டேபிள்கள் உள்ளன? தவறான எண் என்றால் கூடுதலாக வருகிறதா, குறைவாக வருகிறதா? ஒரே ஒரு தொழிலாளருடைய கணக்கையாவது எண்களோடு எழுதுங்கள்.

ஏற்காடு காப்பித் தோட்டம்
கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் கிலோக் கணக்கை ஆக்சஸில் வைத்திருந்தோம். கோப்பு அலுவலக அறையில் இருக்க, எடை போடும் கொட்டகையிலிருந்து மடிக்கணினியில் வைஃபை வழியாகத் திறப்போம். ஒரு மழை நாளில் மின்சாரம் போய், பதிவு பாதியில் நின்று, கோப்பு கெட்டுவிட்டது. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட கோப்பைச் சரிசெய்யும் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ செய்து பாருங்கள்.

பழைய உறுப்பினர்
காணொளி பார்த்துப் பட்டறைக் கணக்கை மாற்றுவது முறையன்று. தகவலை டேபிள்களாக அமைக்கும் ‘ரிலேஷனல்’ முறையை எட்கர் காட் என்னும் கணினி அறிஞர் 1970இல் எழுதினார். அந்த அடிப்படையைப் படிக்காமல், டேபிள்களை இணைக்கத் திரையில் கோடு இழுப்பவர்கள்தாம் இப்படி வந்து நிற்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன்: ஆக்சஸில் ‘நம்பர்’ என்று தேர்ந்தெடுத்தால் அது இயல்பாக ‘லாங் இன்டிஜர்’, அதாவது முழு எண் வகையாகவே அமையும், அதில் தசமம் நிற்காது. எடையை அப்படித்தான் வைத்திருப்பீர்கள். உங்கள் தவறு அதுவே, வேறொன்றும் இல்லை.

செவ்வாய்பேட்டை பட்டறை
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆக்சஸ் 2016. ஒரே கணினி, வைஃபை இல்லை. டேபிள்கள் மூன்று: தொழிலாளர், கொடுத்தது, வந்தது. ஒருவருக்கு 1000, 800, 700 கிராம் என மூன்று முறை கொடுத்தோம். அவர் 950, 719.650 என இரண்டு முறை திருப்பித் தந்தார். நோட்டில் 830.350 நிற்கிறது. கணினியோ மைனஸ் 10 என்று காட்டுகிறது. நாங்கள் அவருக்கு வெள்ளி தர வேண்டியதுபோல் இருக்கிறது.

ஆய்வக உதவியாளர்
இந்த எண்களே விடையைச் சொல்லிவிடுகின்றன. மூன்று டேபிள்களையும் ஒரே க்வெரியில் (டேபிள்களிலிருந்து விடை கேட்கும் கட்டளையில்) போட்டு, தொழிலாளர் எண்ணை வைத்து இரண்டு கோடு இழுத்து, கூட்டல் கேட்டிருப்பீர்கள். அப்போது கொடுத்த வரி ஒவ்வொன்றும் வந்த வரி ஒவ்வொன்றோடும் சேரும். மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரிகளாகும். கொடுத்த 2500 இரண்டு முறை கூட்டப்பட்டு 5000 ஆகிவிடும். வந்தது மூன்று முறை கூட்டப்படும். ஐயா சொன்ன தசமப் பிழையும் உங்களிடம் இருக்கிறது: 719.650 என்பது 720 ஆகப் பதிந்து, வந்தது 1670 ஆகி, மும்மடங்கில் 5010 ஆனது. 5000இலிருந்து 5010 போனால் மைனஸ் 10.

சில பெயர்கள் வராததற்கும் காரணம் அந்தக் கோடுதான். இன்னும் ஒன்றும் திருப்பித் தராதவருக்கு ‘வந்தது’ டேபிளில் வரி இல்லாததால், அவர் க்வெரியிலிருந்தே விழுந்துவிடுகிறார்.

கொடுத்ததற்குத் தனியாக ஒரு கூட்டல் க்வெரி, வந்ததற்குத் தனியாக ஒன்று என்று, தொழிலாளருக்கு ஒரே வரி வரும்படி செய்யுங்கள். பிறகு தொழிலாளர் டேபிளோடு அவ்விரண்டையும் இணைத்து, கோட்டின் மீது இருமுறை சொடுக்கி, தொழிலாளர் அனைவரையும் காட்டும் தேர்வை எடுங்கள். வெற்றிடமாக இருப்பதைப் பூஜ்யமாகக் கொள்ள ‘என்இஸட்’ ஃபங்ஷன் வேண்டும். எடையைக் ‘கரன்சி’ வகைக்கு மாற்றினால் நான்கு தசம இடம் வரை துல்லியமாக நிற்கும். ரூபாய்க் குறி தெரியாதபடி ஃபார்மட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே முழு எண்ணாகிப் போன எடைகள் தாமாகத் திரும்பி வாரா. நோட்டைப் பார்த்து மறுபடியும் பதிய வேண்டும்.

ஏற்காடு காப்பித் தோட்டம்
விளக்கம் சரி, என் ஊகம் தவறு. எனினும் இவ்வளவு சுற்று எதற்கு? ஒவ்வொரு தொழிலாளருக்கும் ‘இருப்பு’ என்று ஒரு கட்டம் வைத்து, பதியும்போதே கூட்டிக் கழித்தால் போதுமே. நாங்கள் முன்பணத்தை அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பழைய உறுப்பினர்
கூடவே கூடாது. பத்து நாளைக்கு முந்தைய பதிவு ஒன்றைத் திருத்தினால் அந்தக் கட்டம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். பதிவுகளிலிருந்து கணக்கிடக்கூடியதைச் சேமித்து வைக்கலாகாது.

ஏற்காடு காப்பித் தோட்டம்
ஐயா, மாத முடிவில் தராசில் நிறுத்துப் பார்க்கும் எடையையும் சேமிக்கக் கூடாதா? நான்கு ஆண்டுக்கு முந்தைய பதிவிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருப்பதா?

ஆய்வக உதவியாளர்
இரண்டும் வேறு. தராசில் நிறுத்த எடை கணக்கிட்ட எண் அன்று, கண்ணால் கண்டது. அதைத் தேதியோடு தனிப் பதிவாக வைப்பதுதான் சரி. ஏட்டு இருப்புக்கும் தராசு எடைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சேதாரம் தெரியும். பட்டறைக்கு அதைவிட முக்கியமான கணக்கு இல்லை.

அஸ்தம்பட்டி வாசகர்
பட்டறை நண்பருக்கு இன்னும் ஒன்று. ஆக்சஸ் கோப்பு ஒன்றின் உச்ச அளவு 2 ஜிபி. எடையும் தேதியும் மட்டும் என்றால் அதை எட்டவே மாட்டீர்கள்; கொலுசுப் படங்களை உள்ளே ஒட்டத் தொடங்கினால் விரைவில் எட்டிவிடும். படங்களைக் கோப்புறையில் வைத்து, பெயரை மட்டும் பதியுங்கள். கோப்பைக் கூகுள் டிரைவில் வைத்து, வீட்டிலும் பட்டறையிலும் ஒரே நேரத்தில் திறக்கவும் வேண்டாம். ஒருவர் பதிவதை மற்றவர் கோப்பு அழித்துவிடக்கூடும். அந்தத் தேவை வரும் நாளில் சர்வர் வகை டேட்டாபேஸுக்கு மாறலாம். அதுவரை நகலெடுப்பதற்கு மட்டும் டிரைவ் போதும்.

செவ்வாய்பேட்டை பட்டறை
830.350 வந்துவிட்டது. எடைகளை நோட்டைப் பார்த்து மறுபடியும் பதிந்தோம். கணக்கு முடிந்து கூலியும் கொடுத்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

ஆய்வக உதவியாளர்
மகிழ்ச்சி. இதுவரை ஒன்றும் திருப்பித் தராத தொழிலாளருடைய பெயரும் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 830.350 சரியாக வந்ததால் அதுவும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது.